ஹார்பர் மொழியின் பயனர் வட்டத்தைப் பெருக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாஸ் காலத்தில் கிளிப்பரில் எழுதிய தரவுத்தள நிரல்களை இன்றைய கணினிகளில் இயக்கவும், அதே மொழியில் புதிய நிரல்களை எழுதவும் உதவும் திறமூலக் கம்பைலர் ஹார்பர். அதைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையைக் கூட்ட விரும்பும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், பல ஆண்டுகளாக இம்மொழியில் வேலை செய்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்களையும் கீழே தருகிறேன்.

ஹார்பர் எங்கிருந்து வந்தது?

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெட் புரொப்பல்ஷன் ஆய்வகத்தில் பணியாற்றிய வெய்ன் ராட்லிஃப், அங்கே பெரிய கணினியில் இருந்த ஜேபிஎல்டிஐஎஸ் என்ற தரவு மேலாண்மை நிரலை முன்மாதிரியாகக் கொண்டு, தம்முடைய மைக்ரோ கணினிக்காக 'வல்கன்' என்ற நிரலை எழுதினார். ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதை டிபேஸ் II என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டு வந்தது. 1984-இல் டிபேஸ் III வெளியானது. டிபேஸில் எழுதிய நிரல் ஓடுவதற்கு டிபேஸும் உடன் இருந்தாக வேண்டும், வரிவரியாகப் படித்து இயக்குவதால் வேகமும் குறைவு. இந்த இரண்டு குறைகளையும் போக்க, நான்டக்கெட் நிறுவனம் 1985-இல் கிளிப்பர் கம்பைலரை வெளியிட்டது. 'சம்மர் 87' பதிப்பும், 1990-இல் வந்த 5.0 பதிப்பும் உலகெங்கும் பரவின. 1992-இல் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் நிறுவனம் நான்டக்கெட்டை வாங்கியது. விண்டோஸ் எல்லா மேசைகளையும் பிடித்துக்கொண்ட பிறகும் கிளிப்பர் 16-பிட் டாஸிலேயே நின்றுவிட்டது.

அப்படி நின்றுபோன மொழியை அதன் பயனர்களே எடுத்து நடத்துவது என்று முடிவு செய்து, ஸ்பெயினைச் சேர்ந்த அன்டோனியோ லினாரெஸ் 1999-இல் தொடங்கிவைக்க, பல நாட்டு நிரலாளர்கள் சேர்ந்து எழுதியதே ஹார்பர். கிளிப்பர் என்பது விரைவாகச் செல்லும் பாய்மரக் கப்பல் வகையின் பெயர். ஹார்பர் என்றால் துறைமுகம். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகியவற்றில் 32-பிட், 64-பிட் இரண்டிலும் இது இயங்குகிறது.

இன்று இதைப் பயன்படுத்துவோர் யார்? ஏன் அவர்கள் கண்ணில் படுவதில்லை?

கணக்கு, சரக்கிருப்பு, சம்பளப் பட்டியல், நூலக இரவல், மருந்து விற்பனை போன்ற வேலைகளுக்குத் தாமே எழுதிய நிரலைத் தாமே பராமரித்து வருபவர்கள்தாம் இதன் பயனர்களில் பெரும்பாலோர். ஒருவர் எழுதுவார், அவரே நிறுவுவார், அவரே தொலைபேசியில் குறை கேட்பார். நிரலைப் பயன்படுத்தும் வாடிக்கையாளருக்கு அது எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதே தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. கம்பைல் செய்து கொடுத்த இயங்குகோப்பு தன் மொழியின் பெயரைத் திரையில் காட்டுவதில்லை. இணைய நிறுவனங்களின் மொழிகள் மாநாடுகளிலும் வேலைவாய்ப்பு விளம்பரங்களிலும் பேசப்படுவதைப் போல இது பேசப்படாததற்கு முக்கியமான காரணம் இதுவே.

எனவே 'பயனர்களே இல்லை' என்று சொல்வதை விட, 'பயனர்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருக்கிறார்கள்' என்று சொல்வதே பொருந்தும். வட்டத்தைப் பெருக்கும் வேலையில் பாதி, ஏற்கெனவே உள்ளே இருந்தும் வாய் திறக்காதவர்களைப் பேசவைப்பதுதான்.

யாரை முதலில் அழைக்க வேண்டும்?

கிளிப்பர் மூலநிரல் அடங்கிய பழைய பிஆர்ஜி கோப்புகளைக் கையில் வைத்திருப்பவர்களை. என் உறுதியான கருத்து இது; இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற பதில்கள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

மொழியை வளர்ப்பது என்றவுடன் பலருக்கும் கல்லூரி மாணவர்களின் நினைவு வருகிறது. மாணவர்களை வரவேற்க வேண்டியதுதான். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். ஆனால் மாணவரிடம் ஹார்பர் தீர்க்கவேண்டிய சிக்கல் எதுவும் இல்லை. பழைய நிரலை வைத்திருப்பவரிடமோ இன்று இரவே தீர்ந்தாக வேண்டிய சிக்கல் இருக்கிறது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் டாஸ் நிரல்களை இயக்கும் அடுக்கு இல்லை. பழைய கணினி பழுதாகிப் புதியது வந்த அன்று, இருபது முப்பது ஆண்டுகளாக ஓடிய நிரல் ஒரே நொடியில் நின்றுபோகிறது. அவர் டாஸ்பாக்ஸ் போன்ற ஒப்புருவாக்கியில் ஓட்டிப் பார்ப்பார், அல்லது எல்லாவற்றையும் வேறு மொழியில் திருப்பி எழுதும் செலவைக் கணக்கிட்டு மலைத்துப் போவார். ஹார்பர் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

நானும் அப்படி வந்தவன்தான். நான் எழுதிக்கொடுத்த சரக்கிருப்பு நிரலை ஒரு சிறு நிறுவனம் பல ஆண்டுகள் பயன்படுத்தி வந்தது. கணினியை மாற்றிய மறுநாள் காலை, இந்த நிரல் உங்கள் விண்டோஸ் பதிப்புக்குப் பொருந்தாது என்ற செய்திப்பெட்டி மட்டுமே திரையில் வந்தது. மூலநிரல் என்னிடம் 41 கோப்புகளாக இருந்தது. அன்று மாலை ஹார்பரைத் தரவிறக்கி, முதன்மைக் கோப்பின் பெயரைக் கொடுத்து, நிரலைக் கட்டித்தரும் ஹெச்பிஎம்கே2 கட்டளையை அடித்தேன். விடுபட்ட மூன்று செயற்கூறுகளின் பெயர்களைச் சொல்லி நின்றது. அவற்றுக்கு வழி செய்தபின், நீல நிறப் பட்டியல் அதே இடத்தில், அதே எழுத்துகளோடு, 64-பிட் கணினியில் வந்து நின்றது. அந்தத் திரையைப் பார்த்த மாலையில்தான் நான் இந்த வட்டத்தின் உறுப்பினன் ஆனேன்; எந்த விளக்கவுரையும் என்னை அப்படி ஈர்த்திருக்காது.

அந்த முதல் மாலையில் புதியவர்கள் எங்கே முட்டிக்கொள்கிறார்கள்?

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்தவர்களில் பலரை நாம் இழப்பது இங்கேதான். முட்டுக்கட்டைகள் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றே என்பதால், அவற்றை முன்கூட்டியே எடுத்துவைப்பது நம்மால் இயலக்கூடிய வேலை.

முதலாவது, சி கம்பைலர். ஹார்பர் உங்கள் நிரலை முதலில் சி மொழிக் கோப்பாக மாற்றுகிறது. அதை இயங்குகோப்பாக்க ஒரு சி கம்பைலர் தேவை. சி மொழியையே தொடாமல் வாழ்ந்த கிளிப்பர் நிரலாளருக்கு இது புரியாத புதிர். அவர் சி கம்பைலரைத் தனியாகத் தேடி, தவறான பதிப்பை நிறுவி, வழித்தட மாறியைத் திருத்தி, ஒரு மணி நேரத்தில் களைத்துவிடுகிறார். அவருக்கு நாம் தரவேண்டியது, மின்ஜிடபிள்யூ கம்பைலரையும் உள்ளடக்கிய ஒரே பொதி. விரித்தவுடன் வேலை செய்ய வேண்டும். அதற்கும் முன்பாக, ஹெச்பிரன் என்ற கருவியை அவருக்குக் காட்டிவிடலாம். அது சி கம்பைலர் எதுவும் இல்லாமலே பிஆர்ஜி கோப்பை நேரடியாக ஓட்டிக்காட்டும்.

இரண்டாவது, பிறர் எழுதிய பழைய லைப்ரரிகள். கிளிப்பர் காலத்து நிரல்கள் பலவும் 16-பிட் லைப்ரரிகளை நம்பியவை; அவற்றை ஹார்பரோடு இணைக்க இயலாது. ஆனால் மிகப் பரவலாக இருந்த கிளிப்பர் டூல்ஸ் செயற்கூறுகளுக்கு ஈடாக ஹெச்பிசிடி என்ற லைப்ரரி ஹார்பருடனேயே வருகிறது. கட்டளை வரியில் ஒரு பெயரைச் சேர்த்தால் பிழைப் பட்டியலின் பெரும்பகுதி மறைந்துபோகும். இந்த ஒரு செய்தியை அறியாமல் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, அச்சு. பழைய நிரல்கள் இணைத்தடப் புள்ளி அச்சுப்பொறிக்கு நேரடியாக எழுதின. எழுத்தைத் தடிப்பாக்கவும் சுருக்கவும் கட்டுப்பாட்டுக் குறிகளைக் கலந்து அனுப்பின. இன்றைய யூஎஸ்பி அச்சுப்பொறிகள் விண்டோஸ் இயக்கி வழியாகத்தான் பேசுகின்றன. நிரலின் மற்ற எல்லாப் பகுதிகளும் ஒரே மாலையில் உயிர்பெற்றாலும் அச்சு மட்டும் ஒரு வாரம் இழுக்கும். முன்பு நேரடியாக அனுப்பிய அறிக்கையை ஒரு கோப்பில் எழுதி, அக்கோப்பை ஹார்பரின் விண்டோஸ் அச்சு வகுப்பின் வழியாக அனுப்பும் ஒரு முழுமையான எடுத்துக்காட்டு, நூறு பக்க விளக்கத்தை விடப் பயன்படும்.

நான்காவது, தேதி. டிபேஸ் காலத்திலிருந்தே தரவைச் சேமித்துவரும் டிபிஎஃப் கோப்பில் தேதி எட்டு இலக்கங்களாக, ஆண்டு முழுமையாகவே பதிகிறது. சிக்கல் சேமிப்பில் இல்லை, உள்ளிடும் இடத்தில் இருக்கிறது. திரையில் 24 என்று இரண்டு இலக்கம் மட்டும் அடித்தால், இரண்டு இலக்க ஆண்டு எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லும் செட் எப்பாக் கட்டளையைக் கொடுக்காத நிரலில் அது 1924 ஆகிவிடும். நிரலின் தொடக்கத்தில் ஒரே வரியைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் இதைச் சொல்லித்தர ஆளில்லாமல், 'ஹார்பர் தேதியைக் கெடுக்கிறது' என்று தவறாக எண்ணி விலகியவர்களும் உண்டு.

ஐந்தாவதாக, திரையில் பெட்டி வரைந்த கோடுகள் வேறு எழுத்துகளாகச் சிதறுவது. அது எழுத்துக்குறிப் பக்கத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்காததால் வருவது. கடைசியாக ஒன்றை எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டும். பழைய கிளிப்பர் நிரலும் புதிய ஹார்பர் நிரலும் ஒரே கோப்பைச் சில மாதங்கள் பகிர்ந்துகொள்ள நேர்ந்தால், ஒருவர் எழுதும்போது மற்றவர் எழுதாமல் தடுக்கும் பூட்டு முறை ஒன்றையே இரண்டும் பின்பற்றுகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். கோப்பில் உண்மையில் இல்லாத, 100 கோடியாவது பைட்டுக்கு அப்பாலுள்ள இடத்தைப் பூட்டுவது கிளிப்பரின் வழக்கம். டிபேஸ் வழிவந்த மற்றொரு மொழியான ஃபாக்ஸ்புரோவின் வழக்கம் வேறு. முறைகள் வேறுபட்டால், ஒருவர் பூட்டியதை மற்றவர் அறியாமலே எழுதிவிடுவார். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒருவருடைய தரவு கெட்டுப்போனால் அவர் திரும்பி வரவே மாட்டார் என்பதால், இதை முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

தேடினால் ஹார்பர் கிடைப்பதே இல்லையே?

உண்மையான குறைதான். இந்தப் பெயரைத் தேடுபவருக்கு முதலில் கப்பல் துறைமுகங்கள் வருகின்றன. அடுத்து, கன்டெய்னர் படிமங்களைச் சேமித்துவைக்கும் வேறொரு திறமூல மென்பொருள் வருகிறது, ஆங்கிலத்தில் ஓரெழுத்து மட்டுமே வேறுபடும் பெயர் அதற்கு. கிளிப்பர் என்று தேடினால் முடிவெட்டும் கருவி வருகிறது. பெயரை மாற்றுவது இனி முடியாத காரியம். ஆகவே நாம் எழுதும் எந்தத் தலைப்பிலும் 'ஹார்பர்' என்ற சொல்லைத் தனியே விடாமல், கிளிப்பர், எக்ஸ்பேஸ் (டிபேஸ் வழிவந்த மொழிகளின் பொதுப்பெயர்), டிபிஎஃப் ஆகியவற்றில் ஒன்றையாவது உடன் சேர்த்து எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சிக்கலில் இருப்பவர் மொழியின் பெயரைத் தேடுவதில்லை. திரையில் வந்த பிழைச்செய்தியை அப்படியே தேடுகிறார். 'டிபிஎஃப் கோப்பைத் திறப்பது எப்படி', 'பழைய டாஸ் நிரல் 64-பிட் விண்டோஸில் ஓடவில்லை' என்பவையே அவருடைய சொற்கள். அந்தச் சொற்களைத் தலைப்பாகக் கொண்ட பதில்களை எழுதினால் அவர் நம்மிடம் வந்து சேர்வார். ஹார்பரின் சிறப்புகளைப் பட்டியலிடும் கட்டுரையை, ஹார்பரை ஏற்கெனவே அறிந்தவர்தான் படிப்பார்.

இந்தத் திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

1.0 பதிப்பு 2008-இலும், 2.0 பதிப்பு 2009-இன் இறுதியிலும், 3.0 பதிப்பு 2011-இலும் வெளியாயின. அதன்பின் பல ஆண்டுகள், 3.2 என்ற எண் தாங்கிய வளர்ச்சிநிலைப் பதிப்பையே பெரும்பாலானோர் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தி வந்தனர். மூலநிரலில் திருத்தங்கள் தொடர்ந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தன. உள்ளே இருப்பவருக்கு இது தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவர் கடைசி வெளியீட்டின் தேதியை மட்டும் பார்த்து, ஆள் நடமாட்டமில்லாத வீடு என்று முடிவு கட்டிப் போய்விடுகிறார்.

பெரிய புதுமைகள் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை தேதியிட்ட, எண்ணிட்ட ஒரு பொதியை வெளியிடுவது பயனர் வட்டத்திற்கு மிகவும் தேவை என்று நான் கருதுகிறேன். கம்பைலரை எழுதுவோரின் கண்ணோட்டத்தில் இது வீண்வேலையாகத் தோன்றலாம்; மூலநிரல் களஞ்சியத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். ஆனால் தம் வாடிக்கையாளருக்கு ஒரு நிரலைக் கொடுத்துப் பொறுப்பேற்கும் மனிதருக்கு, 'இன்ன எண்ணுள்ள பதிப்பில் சோதித்தேன்' என்று சொல்லும் நிம்மதி வேண்டும்.

கேள்வி கேட்டு வருபவர்களை எப்படி நடத்த வேண்டும்?

ஒருவர் முதல்முறை கேட்கும் கேள்வி பெரும்பாலும் குறைப்பட்ட கேள்வியாகவே இருக்கும். 'இண்டெக்ஸ் (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் கோப்பு) வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதுவார். எந்தப் பதிப்பு, என்டிஎக்ஸ் வகையா சிடிஎக்ஸ் வகையா, பிழை எண் என்ன என்று எதையும் சொல்லமாட்டார். அனுபவமுள்ள ஒருவர் 'மாற்றப் பதிவேட்டைப் படியுங்கள்' என்று மூன்று சொல்லில் பதில் தருவார். தகவல் என்ற அளவில் அந்தப் பதில் சரியானதுதான். மூலநிரலின் திருத்தங்களைக் குறித்துவைக்கும் மாற்றப் பதிவேட்டில் விடை இருக்கிறது. ஆனால் கேட்டவர் அடுத்த கேள்வியைக் கேட்கமாட்டார்.

பல ஆண்டுகள் தனியாக உழைத்த நிரலாளர், தனக்குத் தெரியாததைப் பிறர் முன்னிலையில் ஒப்புக்கொண்டு கேட்பதே பெரிய காரியம். அவரிடம் நான் பின்பற்றும் முறை இது: முதலில், அவர் சொன்னதிலிருந்து ஊகிக்கக்கூடிய மிக வாய்ப்புள்ள காரணத்தையும், அதைச் சரிபார்க்கும் ஐந்து வரி நிரலையும் தருகிறேன். இண்டெக்ஸ் சிக்கல் என்றால், பழைய என்டிஎக்ஸ் கோப்புகளை அழித்துவிட்டு ஹார்பரிலேயே மறுபடியும் உருவாக்கிப் பார்க்கச் சொல்வேன்; பழைய நிரலும் புதிய நிரலும் வெவ்வேறு அகரவரிசை விதிகளின்படி வரிசைப்படுத்துவதால் தேடல் தவறுவது வழக்கமாக நேர்வது. அதன்பிறகே, 'இது தீரவில்லை என்றால் இந்த மூன்று விவரங்களைத் தாருங்கள்' என்று கேட்பேன். விவரங்களை முதலில் கேட்டு உதவியைப் பின்னால் வைத்தால், விண்ணப்பப் படிவத்தை நிரப்பச் சொல்வது போல ஆகிவிடுகிறது.

சிக்கல் தீர்ந்தபின் அவரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கலாம்: தீர்ந்த விதத்தை அவரே தம் சொற்களில் நான்கு வரி எழுதிவைக்கட்டும். பயனராக வந்தவர் பங்களிப்பவராக மாறும் முதற்படி அது.

இளைஞர்களை இம்மொழிக்கு அழைப்பது நியாயமா?

வேலைவாய்ப்பு கொட்டிக்கிடக்கிறது என்று சொல்லி அழைப்பது நியாயம் ஆகாது. நடந்துகொண்டிருக்கும் பழைய நிரல்களைப் பராமரிக்கும் வேலையும், அவற்றின் தரவைப் புதிய அமைப்புகளுக்கு மாற்றும் வேலையும் இருக்கின்றன. அவை மதிப்புள்ள வேலைகள், ஆனால் எண்ணிக்கையில் குறைவு. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அவர்களுக்கு உண்மையாகவே பயன்படும் ஒன்றையும் காட்ட முடியும். பிற மொழிகளில் தரவுத்தளம் என்பது வெளியே இருக்கும் வேறொரு பொருள்; அதற்கு ஓர் இணைப்பு, ஒரு வினவல், வந்த விடையைப் பிரித்தெடுக்கும் நிரல் என்று படிப்படியாகப் போக வேண்டும். எக்ஸ்பேஸ் மொழிகளில் அட்டவணை மொழிக்குள்ளேயே குடியிருக்கிறது. யூஸ் என்று எழுதிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அட்டவணை திறக்கிறது. புலத்தின் பெயரை மாறியைப் போலவே எழுதலாம். ஸ்கிப் என்றால் அடுத்த பதிவு, சீக் என்றால் தேடல், பிரவுஸ் என்று அழைத்தால் முழு அட்டவணையும் திரையில் விரிந்து அம்புக்குறி விசைகளுக்கு நகர்கிறது.

டிபிஎஃப் கோப்பின் அமைப்பே ஒரு நல்ல பாடம். அதைப் பதினறும எண்களாகக் காட்டும் கருவியில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட உரைக்கான மெமோ புலம் இல்லாத எளிய கோப்பானால் முதல் பைட் 3. அடுத்த மூன்று பைட்டுகளில் கடைசியாக மாற்றிய ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கில் பதிவுகளின் எண்ணிக்கை. 32-ஆம் இடத்திலிருந்து ஒவ்வொரு புலத்துக்கும் 32 பைட் விவரம். அதில் புலத்தின் பெயர் பத்து எழுத்துக்கு மிகாமல் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருக்கும். அதன்பின் தரவு, வரிசையாக, ஒளிவுமறைவின்றி. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒரு வெற்றிடம் இருக்கும். பதிவை நீக்கினால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி வரும், தரவு அப்படியே இருக்கும், பேக் கட்டளை கொடுக்கும்போதுதான் உண்மையில் அழியும். தரவுத்தளம் என்பது என்ன என்பதை அரை மணி நேரத்தில் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட எளிய வழியை நான் அறியேன். இந்த அரை மணி நேரத்தை அனுபவித்த மாணவர்களில் சிலர் தங்கிவிடுகிறார்கள், அவர்களை யாரும் வற்புறுத்தத் தேவையில்லை.

திறமூலம் என்றால் என் நிரலையும் வெளியிட வேண்டுமா?

வேண்டாம். ஹார்பர் குனூ பொது உரிமத்தின் கீழ் வருகிறது. ஆனால் ஹார்பரின் லைப்ரரிகளை உங்கள் நிரலோடு இணைப்பதால் உங்கள் நிரல் அவ்வுரிமத்திற்கு உட்படாது என்ற விதிவிலக்கும் அதனுடன் எழுதப்பட்டிருக்கிறது. ஹார்பருடன் வரும் கூடுதல் லைப்ரரிகளில் சில வெளி மென்பொருள்களைச் சார்ந்தவை, அவற்றின் உரிமத்தைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த அச்சத்தால் தயங்கி நிற்பவர்கள் நிறைய இருப்பதால், தரவிறக்கும் இடத்திலேயே இரண்டு வரியில் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

எக்ஸ்ஹார்பர், மினிஜியூஐ, ஹெச்டபிள்யூஜியூஐ, ஃபைவ்வின் என்று பல பெயர்கள் வருகின்றன. புதியவர் எதைப் பிடிப்பது?

2001-இல் ஹார்பரிலிருந்து பிரிந்து சென்ற கிளை எக்ஸ்ஹார்பர். மற்ற மூன்றும் விண்டோஸ் பாணிச் சாளரங்களை வரைய உதவும் லைப்ரரிகள்; அவற்றில் ஃபைவ்வின் விலைக்கு விற்கப்படுவது, மற்றவை கட்டற்றவை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயனர் வட்டமும் இருக்கிறது.

புதியவரிடம் இந்தப் பட்டியல் முழுவதையும் நீட்டினால், அவர் தேர்ந்தெடுக்கும் வேலையிலேயே களைத்துப்போவார். என் அறிவுரை: பழைய நிரல் வைத்திருப்பவர் முதலில் எந்தச் சாளர லைப்ரரியும் இல்லாமல், பழைய எழுத்துத் திரையிலேயே தம் நிரலை ஓடவைக்கட்டும். அது ஓடிய பிறகு, சாளரங்கள் தேவையா என்று நிதானமாக முடிவு செய்யலாம். பிரிந்து கிடக்கும் வட்டங்கள் ஒன்றுசேர வேண்டும் என்ற வேண்டுகோள் அவ்வப்போது எழுகிறது. நிர்வாகத்தில் ஒன்றுசேர்வது கடினம், கட்டாயமும் இல்லை. எடுத்துக்காட்டு நிரல்களைப் பகிர்ந்துகொள்வது எளிது. சாளரத்தைத் தொடாத நிரல்துண்டு எல்லா வட்டத்திலும் மாற்றமின்றி ஓடும்.

இதில் ஃப்ரீ பாஸ்கல் என்ற மற்றொரு திறமூலக் கம்பைலரைப் பயன்படுத்தும் நண்பர்களிடமிருந்து கற்க ஒன்று இருக்கிறது. அவர்களுடைய லாசரஸ் சூழலை நிறுவினால் கம்பைலர், நிரல் எழுதும் திருத்தி, சாளர வடிவமைப்பு, எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஒரே நிறுவலில் வந்துவிடுகின்றன. முதல் பொத்தானைத் திரையில் வைக்க ஐந்து நிமிடம் போதும்.

ஃபாக்ஸ்புரோ பயனர்களை அழைக்கலாமா?

தாராளமாக அழைக்கலாம். ஃபாக்ஸ் மென்பொருள் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கியது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு இனிப் புதிய பதிப்பு இல்லை என்று 2007-இல் அறிவித்தது. 2015 ஜனவரியுடன் ஆதரவும் முடிந்தது. டிபிஎஃப், சிடிஎக்ஸ் கோப்புகளை ஹார்பர் நன்றாகவே படிக்கும். ஆனால் விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் படிவங்களும் அறிக்கைகளும் மொழிக்குள் பொதிந்த எஸ்கியூஎல் கட்டளைகளும் ஹார்பருக்கு அப்படியே வாரா. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், தரவைப் படிக்கவும் பின்னணி வேலைகளைச் செய்யவும் ஹார்பரைப் பயன்படுத்த அவர்கள் மகிழ்ச்சியோடு முன்வருவார்கள். எல்லாம் ஓடும் என்று வாக்களித்து அழைத்தால் ஒரு வாரத்தில் கோபத்தோடு போவார்கள்.

கம்பைலரைப் பராமரிப்பவர்கள் ஓய்வு பெற்றால் என்ன ஆகும்?

மையக் குறியீட்டின் பெரும்பகுதியை எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. பயனர்களும் வயதில் மூத்து வருகிறார்கள். இந்தக் கவலை எனக்கு உண்டு, அதை ஒளிக்க விரும்பவில்லை.

சி மொழியில் வல்ல ஒருவர் உள்ளே வந்து, ஹார்பர் நிரல்களை இயக்கும் மெய்நிகர் இயந்திரத்தின் குறியீட்டைப் புரிந்துகொள்ள நெடுங்காலம் பிடிக்கும். அவரை உருவாக்கும் வழி சிறிய வேலைகளில் தொடங்குகிறது: ஒரு சோதனை நிரலைச் சேர்ப்பது, புதிய சி கம்பைலர் பதிப்பில் எழும் எச்சரிக்கையைத் திருத்துவது, ஏதேனும் ஒரு கூடுதல் லைப்ரரியின் பொறுப்பை ஏற்பது. ஒவ்வொரு கூடுதல் லைப்ரரிக்கும் இரண்டு பேர் பொறுப்பாளர்களாக இருக்க வேண்டும் என்ற விதியை ஏற்றுக்கொண்டால், ஒருவர் விலகும்போது வேலை நிற்காது. பொதிகளைக் கட்டும் முறை ஒருவருடைய கணினியில் மட்டும் இருக்கக்கூடாது; யார் வேண்டுமானாலும் அதே பொதியை மீண்டும் கட்டிப்பார்க்கும்படி அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது?

தரவிறக்க எண்ணிக்கையைக் கொண்டு அளக்காதீர்கள். ஒரே மனிதர் பத்துமுறை தரவிறக்குவார். நான் பார்ப்பவை மூன்று: முதல் கேள்வி கேட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாம் கேள்வியும் கேட்டார்கள், ஓர் ஆண்டில் எத்தனை வெவ்வேறு பேர் பதில் சொன்னார்கள், மாற்றப் பதிவேட்டில் எத்தனை புதிய பெயர்கள் வந்தன. பதில் சொல்பவர்களின் எண்ணிக்கை ஐந்திலிருந்து எட்டு ஆவதை, ஆயிரம் புதிய தரவிறக்கங்களை விடப் பெரிய செய்தியாக நான் கருதுவேன்.

வேறு மொழிக்கு மாறிச் செல்பவர்களை என்ன செய்வது?

அவர்கள் நல்லபடியாகப் போக உதவுங்கள். தம் தரவை போஸ்ட்கிரெஸ் போன்ற எஸ்கியூஎல் தரவுத்தளத்திற்கு மாற்ற விரும்பும் ஒருவருக்கு, டிபிஎஃப் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு பதிவாகப் படித்து, நீக்கப்பட்டவற்றை ஒதுக்கி, எழுத்துக்குறியை யூனிகோடுக்கு மாற்றி வெளியே எழுத ஹார்பரை விடப் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது. அப்படி உதவி பெற்றுப் போனவர் அடுத்த முறை எங்கேனும் பழைய டிபிஎஃப் கோப்புகளைக் கண்டால், தம்மோடு வேலை செய்யும் இளையவருக்கு ஹார்பரின் பெயரைத்தான் சொல்வார்.

எனக்கு சி தெரியாது, நேரமும் குறைவு. இந்த வாரம் நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் பழைய கோப்புகளில் நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு செயற்கூறை எடுங்கள். தொகையை எழுத்தால் எழுதுவது, இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட மாதங்களைக் கணக்கிடுவது போன்ற ஏதேனும் ஒன்று. வாடிக்கையாளரின் பெயரையும் அவருடைய தரவையும் அதிலிருந்து நீக்குங்கள். வேறு எந்தக் கோப்பையும் நம்பாமல், ஹெச்பிரன் கருவியில் தனியே ஓடும்படி அதைச் சுற்றிப் பத்து வரி எழுதுங்கள். மேலே ஒரு குறிப்பு வரியில், எந்த நாளில், ஹார்பரின் எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில் ஓட்டிப்பார்த்தீர்கள் என்பதைக் குறித்து, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எழுதி வெளியிடுங்கள்.